பல்கனியில் இரண்டு செடி

வோபர்ன்,
16 ஜூன் 2024, ஞாயிறு

பாலேஸ்வரிக்கு,

நீர் போய் நாலு நாளாகிறது. இருபது தரமாவது ஃபோன் எடுத்திருப்பேன். சுபாங்கி நியூஜேர்சியிலிருந்து கூப்பிட்டு, "அம்மா உங்கட குரலைக் கேக்கமாட்டாவாம். கேட்டால் இரக்கம் வந்திடுமாம். சொல்ல இருக்கிறதை எழுதட்டாம்" என்றாள். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிசிக்கு இப்போது முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். பல்கனியில் இருக்கும் அந்த இரண்டும் செவ்வந்தி இனம் என்று உமக்குச் சொன்னது பொய். அவை கஞ்சாச் செடிகள். நீர் என்னை நம்பி, மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுகிற மீன் கழுவின தண்ணீரில் அவற்றுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வந்தீர். புதன்கிழமை பக்கத்து வீட்டு மாக்கஸ் தன் பல்கனியால் எட்டிப் பார்த்து, "அன்ரி, உங்கட கஞ்சா அருமையா வந்திருக்கு" என்று உம்மைப் பாராட்டினான். அப்போது நான் சிரித்திருக்கக் கூடாது.

ஆனால் இதில் களவு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் நாலு செடி வளர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நான் வைத்தது இரண்டு. பாண் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மாப் பெட்டி தூக்கிய கை இது. இப்போது சேர்ட் பொத்தான் பூட்டவே உம்மைத்தான் கூப்பிடுகிறேன். டொக்டர்தான் கஞ்சா எண்ணெய் பாவித்துப் பாருங்கள் என்றார். அது விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று உமக்குத் தெரியும். நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்குப் பக்கத்துக் கதவு. அதற்குள் நான் நுழைவதை யாராவது கண்டால் ஸ்காபரோ முழுக்கக் கதை போய்விடும். ஆகவே விதையைத் தபாலில் எடுத்தேன்.

ஓட்டோஃபிளவர் என்ற இனம். மற்றக் கஞ்சாச் செடி பகல் குறைந்தால்தான் பூக்குமாம். இது வெயிலையும் பார்க்காது, மாதத்தையும் பார்க்காது. முளைத்து நாலு கிழமையானால் பூக்கத் தொடங்கிவிடும். மே ஆறாம் தேதி ஊன்றினேன். ஜூலை கடைசியில் வெட்டலாம். அதன் பிறகு ஒன்றும் இருக்காது. அதுவரைக்குமாவது பொறுத்திருக்கலாமே நீர்.

உம்முடைய மிளகாய்க் கன்றுகளுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பத்மநாதன்


ஒஷாவா,
20 ஜூன் 2024

பிரவீனனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கை வலியை எனக்கு விளங்கப்படுத்த வேண்டாம். அந்தக் கைக்கு எண்ணெய் பூசி விடுகிறவள் நான். கஞ்சா எண்ணெய்தான் வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அந்தக் கடைக்குள் போய் வாங்கி வந்திருப்பேன். யார் கண்டால் எனக்கென்ன?

நான் செடிக்காக வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை. உங்கள் சிரிப்புக்காக வெளிக்கிட்டேன். மாக்கஸ் அதன் பெயரைச் சொன்னதும் எனக்குப் பிரவீனனின் முகம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

2005 மார்ச் மாதம் உங்களுக்கு மறந்துவிட்டதா? எனக்கு மறக்கவில்லை. பிரவீனனுக்குப் பதினெட்டு வயது. அவனுடைய ஜக்கெற்றுக்குள் ஒரு சின்னப் பை எடுத்தீர்கள். உள்ளே இருந்த கஞ்சா ஒரு தேக்கரண்டிகூட வராது. அடித்திருந்தால் பொறுத்திருப்பேன். நீங்கள் அடிக்கவில்லை. முழுகினீர்கள். இஸ்திரி போட்ட சேர்ட் போட்டீர்கள். அவனுக்கும் ஒரு நல்ல சேர்ட்டை எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் அதிபரைப் பார்க்கக் கூட்டிப்போவதுபோல பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். "ஒண்டும் செய்யமாட்டாங்கள். ரெண்டு வெருட்டு வெருட்டி அனுப்புவாங்கள். பொடியன் திருந்தியிடுவான்" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். ஊரில் உங்கள் தம்பியை உங்கள் அப்பா அப்படித்தான் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய் வெருட்டுவித்தாராம். நானும் நம்பினேன். வந்து சாப்பிடட்டும் என்று புட்டு அவித்து வைத்தேன்.

நீங்கள் தனியாக வந்தீர்கள்.

கோர்ட்டிலும், "உண்மையை ஒப்புக்கொள், விட்டிடுவாங்கள்" என்று அவனுக்குச் சொன்னது நீங்கள்தான். ஒப்புக்கொண்டான். குற்றவாளி என்று பதிந்தார்கள். விமான நிலையத்தில் கிடைத்த வேலை போனது. சுபாங்கியின் கலியாணத்துக்கு நாங்கள் எல்லோரும் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனோம். அவனை மட்டும் அந்தப் பதிவைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட வேண்டிய சொந்தத் தமையன் பஃபலோ பாலத்தடியில் பட்டு வேட்டியோடு நின்றான். இன்றைக்கும் ஒன்ராறியோவுக்குள் மட்டும்தான் லொறி ஓட்டுகிறான். பத்தொன்பது வருடமாக நீங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. செத்த வீட்டில் சந்தித்தாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கிறீர்கள். அவன் வீடு வாங்கி ஐந்து வருடம். அதன் வாசல் எந்தப் பக்கம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

உங்கள் செடி இருக்கட்டும், போகட்டும். பிரவீனனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் நான் வீட்டுக்கு வருவேன். கேட்காவிட்டால் இங்கே அவன் வீட்டிலேயே இருப்பேன்.

செடியைப் பற்றி அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாலேஸ்வரி


வோபர்ன்,
25 ஜூன் 2024

பாலேஸ்வரிக்கு,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பட்டு வேட்டியைப் பற்றி நீர் எழுதத் தேவையில்லை. எனக்கும் தெரியும்.

நான் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குச் சட்டம் பிழை என்றது, கொண்டுபோனேன். இன்றைக்குச் சட்டம் சரி என்கிறது, வளர்க்கிறேன். இதில் நான் எங்கே மாறினேன்? சட்டம்தானே மாறியது. பொலிஸ் எல்லாவற்றையும் எழுதி, கடைசிவரைக்கும் வைத்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கனடாவுக்கு வந்து பதின்மூன்று வருடம், பாண் தொழிற்சாலைக்குள் இருந்தவனுக்கு அவர்களுடைய ஆங்கிலம் எங்கே விளங்கியது. அங்கே என்ன சொன்னார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. பிள்ளை கெட்டுப்போகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

பிறகு, அந்தப் பதிவை அழிக்க விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது சுபாங்கி மூலம் நான்தானே அவனுக்குச் சொல்லியனுப்பினேன். அதை நீர் எழுதவில்லை.

மன்னிப்புக் கேள் என்கிறீர். தகப்பன் மகனிடம் எப்படிக் கேட்பது? எந்த வார்த்தையில் தொடங்குவது? எனக்குப் பழக்கமில்லை.

ஒன்பதாம் மாடியில் காற்று அதிகம். செடி இரண்டுக்கும் தடி நட்டுக் கட்டியிருக்கிறேன். ஒன்று இடுப்பளவு வந்துவிட்டது. மற்றது கட்டை, ஆனால் பூ கூட. பூ என்றால் நாங்கள் நினைக்கிற பூ இல்லை. வெள்ளை மயிர் மாதிரி நுனியெல்லாம் நிற்கிறது. அது மண்ணிறமானால் வெட்டலாம். பெரிய தொட்டிக்கு மாற்றினால் இன்னும் நன்றாக வரும் என்று யோசிக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பருப்பு மட்டும் ஒவ்வொரு நாளும் அடிப்பிடிக்கிறது.

பத்மநாதன்


ஒஷாவா,
30 ஜூன் 2024

பிரவீனனின் அப்பாவுக்கு,

சட்டம் மாறியது, நான் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என் கோபம். மாறியிருக்க வேண்டியது நீங்கள்.

கடதாசியை அழிக்க விண்ணப்பித்தானாம், கிடைத்ததாம். அது இந்தப் பக்கத்துக் கடதாசி. பாலத்துக்கு அந்தப் பக்கத்தில், அமெரிக்காவில், பெயர் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவனுக்குச் செடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சமையலறையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோப்பையைக் கழுவி வைத்தான். கராஜுக்குள் போய் அரை மணித்தியாலம் நின்றான். மருமகள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். திரும்பி வந்து, "அப்பாவோ? எங்கட அப்பாவோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

நேற்றுக் காலை, தேத்தண்ணி குடிக்கும்போது தானாகவே கேட்டான்: "எந்தத் தொட்டியில வைச்சிருக்கிறார்?" பெரிய தொட்டிக்கு மாற்ற நினைக்கிறார் என்றேன். "வேண்டாமெண்டு சொல்லுங்கோ. உந்த இனத்தை இடம் மாத்தினால் நிண்டுபோயிடும். அதுக்கு இருக்கிறதே கொஞ்ச நாள். வேர் ஆறி எழும்புறதுக்குள்ள காலம் முடிஞ்சிடும்." அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே தொட்டியை மாற்ற வேண்டாம். இது அவன் சொன்னது. நான் இன்னும் உங்களோடு கோபம்தான்.

பருப்பு அவியும்போது மூடியைக் கொஞ்சம் திறந்து, நெருப்பைக் குறைக்க வேண்டும்.

பாலேஸ்வரி


வோபர்ன்,
5 ஜூலை 2024

பாலேஸ்வரி,

தொட்டியை மாற்றவில்லை. மண்ணைக்கூடக் கிளறி வைத்திருந்தேன். உம்முடைய கடிதம் வந்ததும் விட்டுவிட்டேன். அவன் சொன்ன பகுதியைத் தனியாக இன்னொரு தரம் வாசித்தேன்.

நேற்று ஒரு சங்கதி நடந்தது. கட்டடத்தைப் பார்க்கிற ஜூலி வந்தா. யாரோ மணம் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வாடகை லீஸில் கஞ்சா வளர்க்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதாம். நாட்டின் சட்டத்தைப் பார்த்தேன், கையெழுத்து வைத்த கடதாசியைப் பார்க்கவில்லை. ஜூலி பல்கனிக் கதவடிக்கு வந்தா. செடி இரண்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. அவ தன் கையிலிருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "நான் இன்னும் பல்கனியைப் பார்க்கேல்லை. பதினைஞ்சாம் தேதி திங்கள் திரும்பி வருவன். அப்ப அங்க ஒண்டும் இல்லாட்டி, ஒண்டும் இல்லையெண்டுதான் எழுதுவன்." போய்விட்டா.

கதவைப் பூட்டினேன். அப்படியே சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். இந்தப் பேச்சை நான் முன்பு ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

பாலேஸ், போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். பத்தொன்பது வருடமாக உமக்குச் சொல்லிவந்த பொய்தான். அங்கே அவர்கள் சொன்னது எனக்கு விளங்கியது.

கவுண்டரில் நின்றது ஒரு இளம் பொலிஸ்காரன். அந்தப் பையை அவன் தொடவே இல்லை. என்னைப் பார்த்து, "சேர், மகனை வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இதைக் காணேல்லை. இப்ப கோப்பி எடுக்க உள்ள போறன். வரேக்க நீங்கள் இங்க இல்லாட்டி, ஒண்டும் நடக்கேல்லை" என்றான். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. உள்ளே போனான். ஐந்து நிமிடம் இருக்கும். பிரவீனன் என் சேர்ட்டின் கையைப் பிடித்து இழுத்தான்.

பின்னால் காத்திருக்கிறவர்களின் வாங்கில் அமிர்தநாதர் இருந்தார். அவருடைய காரைக் களவெடுத்துவிட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க வந்தவர். கோயில் சபையில் என்னோடு இருந்த அமிர்தநாதர்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார். பத்மநாதன் மகனைக் கொண்டுவந்தான், பிறகு பொலிஸ்காரனோடு சேர்ந்து மூடி மறைத்துக்கொண்டு போனான் என்று அவர் போய்ச் சொல்லுவாரே என்று நினைத்தேன். பொலிஸ்காரன் என் நேர்மையைச் சோதிக்கிறான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் அன்றைக்கும் நம்பவில்லை. உண்மை என்னவென்றால், அமிர்தநாதருக்கு முன்னால் திரும்பி நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

பொலிஸ்காரன் திரும்பி வந்து எங்களைக் கண்டான். "உறுதியாத்தானோ சேர்?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

அமிர்தநாதர் செத்து எட்டு வருடம். அவர் யாருக்கும் ஒன்றும் சொன்னதாக நான் அறியவில்லை.

இதை எழுதினால் நீர் இனி வரவே மாட்டீர் என்று தெரியும். எழுதாமலும் இருக்க முடியவில்லை. மன்னிப்பு எந்த வார்த்தையில் தொடங்கும் என்று கேட்டேன். இங்கேதான் தொடங்க வேண்டும்போல. பிரவீனனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீர் வாசித்துக் காட்டும்.

பத்மநாதன்


ஒஷாவா,
10 ஜூலை 2024

உங்களுக்கு,

நேற்றுக் கடிதம் வந்தது. முதலில் தனியாக வாசித்தேன். பிறகு கிழித்துப் போட நினைத்தேன். என் பிள்ளை உங்கள் சேர்ட்டின் கையைப் பிடித்து இழுத்தான் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பேத்தி அட்சயா படுத்த பிறகு, பிரவீனனைச் சமையலறை மேசையில் இருத்தி வாசித்துக் காட்டினேன். பொலிஸ்காரன் கோப்பி எடுக்க உள்ளே போன இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவன் என் கையிலிருந்து கடதாசியை மெல்ல எடுத்து மேசையில் வைத்தான்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் கேட்ட கேள்வி எவ்வளவு மடைத்தனம் என்று பாருங்கள். "நான் பக்கத்தில நிண்டனான் தானே. எனக்கு இங்கிலிஷ் விளங்கும்தானே" என்றான்.

நீங்கள் ஏதோ புதிதாக ஒப்புக்கொள்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் உங்களோடு பேசாமல் இருந்தான். பையைக் கொண்டுபோனதற்காக இல்லை. அவனை விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதற்காகவும் இல்லை, கூட்டிக்கொண்டு வரலாம் என்று தெரிந்தும் விட்டீர்கள் என்பதற்காக. பத்தொன்பது வருடமாக நான் அவனுக்கு, "அப்பாக்கு இங்கிலிஷ் விளங்கேல்லையடா, பாவம்" என்று சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு தரமாவது மறுத்துப் பேசவில்லை அவன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னால் நீங்கள் அண்டைக்கே அவரை விட்டிட்டு வந்திருப்பீங்கள். பிறகு அவர் தனிய என்ன செய்யிறது?"

வாசித்தீர்களா? உங்களோடு பேசாமல் இருந்த பிள்ளை, உங்களுக்கு மனிசி இல்லாமல் போய்விடும் என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்.

எனக்கு இப்போது உங்கள்மேல் இருக்கிற கோபத்துக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை. ஆகவே நான் திரும்பி வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குப் பிரவீனன் வருகிறான். நண்பனிடம் வான் இரவல் வாங்கியிருக்கிறான். செடிகளை இங்கே கொண்டுவந்து பின்வளவில் வைப்பானாம். "இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, இப்ப வெட்டினால் வீண்" என்கிறான். நான் வரமாட்டேன். நீங்கள் எழுதியதை அவன் என் வாயால் கேட்டுவிட்டான். உங்கள் வாயால் இன்னும் கேட்கவில்லை.

பாலேஸ்வரி


வோபர்ன்,
14 ஜூலை 2024, ஞாயிறு

பாலேஸ்,

பிரவீனன் பல்கனியில் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்துக்குள் இதை எழுதுகிறேன். முத்திரை இல்லை, அவன் கையில்தான் வரும்.

செடி இரண்டையும் நேற்று வெட்டிவிட்டேன். பூத்த கஞ்சாச் செடியை வீட்டுக்கு வெளியே தெருவால் கொண்டுபோவது குற்றமாம். இந்த முறை எல்லாவற்றையும் வாசித்தேன். வழியில் யாராவது மறித்தால் வான் ஓட்டுகிறவன் அவன். இன்னொரு தரம் அவன் பெயரை ஒரு கடதாசியில் எழுத நான் விடமாட்டேன். ஆகவே வெட்டி, துண்டாக்கி, பையில் கட்டி எறிந்தேன். கத்தரிக்கோல் பிடித்ததில் விரல்கள் வீங்கிவிட்டன. இத்தனை வருடம் வலித்த கை, இனியும் வலிக்கட்டும்.

கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். அவன் சப்பாத்துக் கழற்றுவதற்கு முதல். இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்தது வரவில்லை. வந்தது இதுதான்: "பிரவீன், அண்டைக்கு அவன் சொன்னது எனக்கு விளங்கினது. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நான் வெட்கப்பட்டு விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள் மகன்." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் குனிந்து ஒரு சப்பாத்தின் நூலை நெடுநேரம் அவிழ்த்தான். நிமிரவில்லை. "ஓம் அப்பா" என்றான். அது மன்னித்த ஓமா, கேட்ட ஓமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். அப்பா என்ற சொல்லை அவன் வாயால் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கேட்டேன். எனக்கு அது காணும்.

பிறகு பல்கனிக்குப் போனான். அடிக்கட்டை இரண்டும் நின்றன. "ஏன் வெட்டினீங்கள்? ரெண்டு கிழமை பொறுத்திருக்கலாமே" என்று கோபமாகக் கேட்டான். காரணத்தைச் சொன்னேன். பிறகு சேர்ட் கையை மடித்துக்கொண்டு, கட்டைகளைப் பிடுங்கி, தொட்டிகளைக் கழுவத் தொடங்கினான். நான் கழுவப் போனால், "உந்தக் கையோட தண்ணிக்குள்ள நிக்காதேங்கோ" என்று ஏசுகிறான். நல்லாகத்தான் ஏசுகிறான்.

இப்போது உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போனான். ஒஷாவாவிலிருந்து இவ்வளவு தூரம் வானை இரவல் வாங்கிக்கொண்டு வந்தவனாம், வெறும் வானைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகமாட்டானாம். "வெளிக்கிடுங்கோ" என்றான். நான் சேர்ட் மாற்றினேன். மேல் பொத்தானை அவன்தான் பூட்டிவிட்டான்.

அங்கே வந்ததும் அவன் மட்டும் இறங்கி வந்து இந்தக் கடிதத்தை உம்மிடம் தருவான். நான் வானுக்குள்ளேயே இருப்பேன். வீட்டுக்குள் வரச்சொல்லி அவன் சொல்லிவிட்டான். நீர் இன்னும் சொல்லவில்லை.

பத்மநாதன்